ஊரைக் காலால் அறிவோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடைகளில் வழக்கமாகப் பேசப்படும் பொருள்கள் எவை என்பதை நாம் அறிவோம். வள்ளுவர் கண்ட வாழ்வு, சிலம்பு காட்டும் நீதி, தாய்மொழியின் சிறப்பு, இளைஞர் கடமை என்று தலைப்புகள் அமையும். அவை யாவும் வேண்டியவையே. எனினும் இவ்வாண்டு செயற்குழுவினர் கூடிப் பேசி, ‘வந்த ஊரில் பொழுதுபோக்கு’ என்னும் பொருளை எம்மிடம் ஒப்படைத்தனர். அதைக் கேட்டவுடன் பெரியவர் ஒருவர் சிரித்தார். ‘பிழைக்க வந்த இடத்தில் பொழுதுபோக்கு ஒரு கேடா?’ என்று வினவினார். வேடிக்கையாக எழுந்த வினாவே ஆயினும், அதனுள்ளே நம் காலனியின் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆகவே இவ்வுரை அந்த வினாவுக்கு விடையாக அமைவதே பொருத்தம் என்று கருதுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமையை நாம் எவ்வாறு கழிக்கிறோம் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். ஆறு நாள் உழைத்த ஆடவர் உறங்குகின்றனர். பெண்டிருக்கு அன்றைக்குத்தான் வேலை மிகுதி. துணி துவைத்தல், மாவு அரைத்தல், தண்ணீர் பிடித்து வைத்தல் என்று பொழுது சாய்கிறது. பிள்ளைகள் ஒற்றை அறைக்குள் ஒரு கைப்பேசியைச் சுற்றிக் குவிகின்றனர். முதியோர் வாயிற்படியில் அமர்ந்து சந்தின் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். மிச்சம் பிடித்த பணமும், மிச்சம் பிடித்த விடுமுறையும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் போய்வரவே சரியாகிவிடுகின்றன. அந்நாட்களில் சாந்திநகர்ப் பேருந்து நிலையத்துக்குச் சென்று பார்த்தால், நம் காலனியே மூட்டை முடிச்சுகளோடு அங்கே நிற்பது தெரியும். ஊரில் நான்கு நாள் சிரிக்கிறோம். திரும்பி வந்து அடுத்த நான்கு நாளுக்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கிறோம்.

நம் காலனியில் ஒரு தாயார் இருக்கிறார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து மணமாகி வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே வாழ்பவர். அவர் அறிந்த பெங்களூர் மூன்றே இடங்கள்: தம் ஒண்டுக்குடித்தன வீடு, வேலை செய்த வீடுகள், பேறுகாலத்துக்குச் சென்ற மருத்துவமனை. சென்ற ஆண்டு பேரப்பிள்ளைகள் அவரை லால்பாக்குக்கு அழைத்துச் சென்றனர். அங்குள்ள பாறைமீது மெல்ல ஏறி அமர்ந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, ‘இது இத்தனை கிட்டத்திலா இருந்தது?’ என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு உடன் சென்ற எவராலும் விடை கூற இயலவில்லை. எம்மாலும் இயலாது. நான்கைந்து கிலோமீட்டர் தொலைவைக் கடக்க ஒருவருக்கு முப்பது ஆண்டுகள் ஆயின என்றால், அதை அவருடைய குறை என்று எவரும் கூறமாட்டார். அது நம் அனைவருடைய குறை.

அன்பர்களே! வாடகை செலுத்துவதால் மட்டும் ஓர் ஊர் நமதாகிவிடாது. குடும்ப அட்டை பெறுவதாலும் ஆகிவிடாது. அதன் மரநிழலில் அமர்ந்து இளைப்பாறி, அதன் விழாக்கூட்டத்தில் நெருக்குண்டு நின்று, அதன் ஏரிக்காற்றை வாங்கி, வழி தெரியாமல் ஒருவரைக் கேட்டு, அவர் காட்டிய வழியே நடந்து போனவனுக்குத்தான் ஊர் உரியதாகும். காலால் அறிந்த ஊரே கருத்தில் நிற்கும். நாம் கூற வந்த செய்தி இவ்வளவே.

முதலில் தடைகளைப் பேசிவிடுவோம். பணம் இல்லை, நேரம் இல்லை, துணிவு இல்லை என்று மூன்று தடைகள் கூறப்படும்.

பணத் தடை பெரிதன்று. குப்பன் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கோயில் வாயிலில் சீட்டு இல்லை. திருவிழாத் தெருவிலும் சீட்டு இல்லை. 2023ஆம் ஆண்டு ஜூன் முதல், கர்நாடகத்தில் குடியிருக்கும் பெண்கள் முகவரிச் சான்றைக் காட்டி மாநில அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லலாம். எஞ்சியவருக்கு ஆகும் செலவு, குடும்பத்தோடு ஒரு திரைப்படம் பார்க்க ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியே.

நேரத் தடை உண்மையில் பெண்டிருக்கே உரிய தடை. ஆடவர் இதைச் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும். ‘குடும்பத்தோடு உலாவி வந்தோம்’ என்று பெருமையாகக் கூறும் ஆடவர், அன்று விடியுமுன் எழுந்து சோறு கட்டியவர் யார், திரும்பியபின் பாத்திரம் துலக்கியவர் யார் என்பதையும் சேர்த்தே கூறுதல் வேண்டும். ஞாயிறு காலையில் வீட்டு வேலையை ஆடவரும் வளர்ந்த பிள்ளைகளும் பங்கிட்டுக்கொண்டால், மூன்று மணி நேரம் தானே கிடைக்கும்.

மூன்றாம் தடையே பெரிது. அதை மறைத்துப் பேசுதல் முறையன்று. 1991ஆம் ஆண்டு டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி இந்நகரில் கலவரம் மூண்டது. உயிர்கள் மாண்டன, தமிழ்க் குடும்பங்கள் பல ஊரைவிட்டே சென்றன. 2016ஆம் ஆண்டு செப்டம்பரிலும் பேருந்துகள் எரிந்தன. அந்நாட்களில் கதவை அடைத்துக்கொண்டு இருந்தவர்கள் இந்த மன்றத்திலும் இருக்கிறார்கள். அடைத்த கதவைச் சிலர் மனத்தளவில் இன்னும் திறக்கவில்லை. ஆயினும், அந்த இரவுகளில் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டுக்குள் வைத்துக் காத்த கன்னட அண்டைவீட்டாரும் இருந்தனர் என்பதை அம்முதியோரே கூறுவர். பழகியவர் காத்தனர். ஆகையால் அச்சத்துக்கு மருந்து பழக்கமே என்பதை நாம் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இனி, எங்கே செல்வது என்று பார்ப்போம். தொலைவிடங்களை இன்று விட்டுவிடுவோம். நந்திமலையும் பன்னேர்கட்டாவும் ஆண்டுக்கு ஒருமுறை செல்லத் தக்கவை. ஒரு காலைப்பொழுதில் போய்வரக்கூடிய இடங்களையே இங்கே எடுத்துக்கொள்வோம்.

தொடக்கம் நம் காலனியின் பெயரிலேயே இருக்கிறது. ‘நீலசந்திரா’ என்று எழுதும்போது நமக்கு நிலவு நினைவுக்கு வருகிறது. ஆனால் திப்பசந்திரா, பொம்மசந்திரா, சிங்கசந்திரா என்று இந்நகரைச் சுற்றி இவ்வாறு முடியும் பெயர்கள் பல உள. ‘சமுத்திரம்’ என்னும் சொல்லே பேச்சில் இவ்வாறு திரிந்தது என்றும், அது பெரிய ஏரியைக் குறித்தது என்றும் கூறுவர். அம்பாசமுத்திரத்தை அறிந்த நமக்கு இது புதுமையன்று. ஏரி வெட்டி அதற்குச் சமுத்திரம் என்று பெயர் சூட்டிய மக்கள் அங்கும் வாழ்ந்தனர், இங்கும் வாழ்ந்தனர்.

முதல் உலா லால்பாக். 1760ஆம் ஆண்டில் ஐதர் அலி தொடங்கிய தோட்டம் அது. மகன் திப்பு சுல்தான் அதை வளர்த்தார். இன்று 240 ஏக்கர் பரப்புடையது. 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகை, லண்டன் நகரத்துப் பளிங்கு மாளிகையை மாதிரியாகக் கொண்டது. 1935இல் திவான் மிர்சா இசுமாயில் காலத்தில், பத்திராவதி ஆலையின் இரும்பைக்கொண்டு அதை விரிவாக்கினர். குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை அங்கே மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது. அந்நாட்களில் கூட்டம் மிகுதி. முதியோரை அழைத்துச் செல்வோர் கண்காட்சி இல்லாத நாளில், விடியற்காலையில் செல்வதே நலம்.

ஆயினும் லால்பாக்கின் தலைசிறந்த காட்சிக்கு மலர் வேண்டியதில்லை. நம் தாயார் அமர்ந்தாரே, அந்தப் பாறையே அது. ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று நிலவியலார் கணித்திருக்கின்றனர். தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக அது காக்கப்படுகிறது. அதன்மேல் கெம்பெகவுடர் மரபினர் கட்டிய சிறு கோபுரம் நிற்கிறது. இத்தகைய கோபுரங்கள் நான்கு. லால்பாக், அல்சூர் ஏரிக்கரை, கெம்பாம்புதி ஏரிக்கரை, மேக்ரி வட்டம் ஆகிய நான்கிடத்தும் நின்று, ஊர் இந்த எல்லைக்குள் அடங்கும் என்று அவை காட்டின. ஊரோ நான்கையும் தாண்டிப் பரந்துவிட்டது. 300 கோடி ஆண்டுப் பாறையின்மேல் அமர்ந்தால், முந்தி வந்தவர் யார், பிந்தி வந்தவர் யார் என்னும் வழக்கு மிகச் சிறியதாகத் தோன்றும். அந்தப் பாறைக்கு நாம் எல்லோரும் நேற்று வந்தவர்களே.

இரண்டாம் உலா குப்பன் பூங்கா. 1870இல் பொறியியலார் ரிச்சர்டு சாங்கி அமைத்தது. 1927இல் சாமராசேந்திரர் பூங்கா என்று அதற்குப் பெயர் மாற்றினர். மக்கள் நாவில் பழைய பெயரே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவின் உட்சாலைகளில் வண்டிகள் ஓடுவதில்லை. சந்துக்குள் மிதிவண்டி ஓட்டத் தெருவின்றித் தவிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதனினும் பெரிய விருந்து வேறில்லை. மழை வந்தால் அண்மையிலேயே, 1965 முதல் இயங்கும் விசுவேசுவரையா தொழில்நுட்பக் காட்சியகம் இருக்கிறது. பொறிகளைத் தொட்டு இயக்கிப் பார்க்கும் பிள்ளை, பாடநூலில் புரியாததை அங்கே தெரிந்துகொண்டு திரும்பும்.

பூங்காவின் நடுவே சிவப்பு வண்ணத்தில் ஒரு மாளிகை உண்டு. அது சேஷாத்திரி ஐயர் நினைவு மண்டபம். மாநில மத்திய நூலகம் அதில் இருக்கிறது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சேஷாத்திரி ஐயர், 1883 முதல் 1901 வரை மைசூர் அரசின் திவானாக விளங்கினார். அவர் காலத்தில் எசரகட்டா ஏரியிலிருந்து இந்நகருக்குக் குழாய்நீர் வந்தது. அவர் திட்டமிட்ட சிவசமுத்திர மின்சாரம் 1902இல் கோலார் தங்கவயலுக்கும், 1905இல் பெங்களூருக்கும் எட்டியது. தங்கவயலில் அந்த மின்சாரத்தின் துணையோடு பூமிக்குள் இறங்கியவர் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர். 2001இல் அச்சுரங்கங்கள் மூடப்பட்டபின், பிழைப்பைத் தேடி இந்நகருக்கு வந்த குடும்பங்கள் பல. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்த மண்டபத்தின் முன் நின்று இவ்வரலாற்றைக் கேட்டல் வேண்டும். திவானும் நம்மவர், தொழிலாளியும் நம்மவர். ஒருவருக்கு மண்டபம் எழுந்தது, மற்றவருக்கு எழவில்லை. பூங்காவின் மரநிழல் மட்டும் இருவருக்கும் பொது.

மூன்றாம் உலா அல்சூர் ஏரிக்கரை. கன்னடத்தார் ‘ஹலசூரு’ என்பர். ‘ஹலசு’ என்றால் பலா. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் ஹகரம் பெறும்: பால் ‘ஹாலு’ ஆகும்; பூ ‘ஹூ’ ஆகும்; புலி ‘ஹுலி’ ஆகும்; பத்து ‘ஹத்து’ ஆகும். இந்த ஒரு விதியை அறிந்துகொண்டால், கன்னடத்துக்கு அஞ்சி வாய் திறவாத நம் முதியோர்கூட ஒரு காலைப்பொழுதில் இருபது சொற்களைக் கற்பர். பள்ளியில் கன்னடம் பயிலும் பிள்ளைகளே இதற்கு ஆசிரியர் ஆகட்டும். பாட்டிக்குப் பேரன் பாடம் சொல்லும் காட்சியைவிட இனிய பொழுதுபோக்கு யாது?

அந்த ஏரியின் அருகில்தான் 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையும் இருக்கிறது. 1991இல் திறப்பதற்கென நிறுவிய அச்சிலை, எதிர்ப்பினால் திறக்கப்படாமல் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் தமிழக முதல்வர் கருணாநிதி அதைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 13ஆம் நாள், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரண்டடியில் அறம் உரைத்தவர் இங்கே வந்தார். மூன்றடியில் அறம் உரைத்தவர் அங்கே சென்றார். சாக்குத் துணிக்குள் பதினெட்டு ஆண்டு காத்திருந்த வள்ளுவரைப் பார்க்க நாம் ஒரு பேருந்துப் பயணம் செல்லாதிருத்தல் தகுமா?

நான்காம் உலாவுக்கு நம்மவர் எவரும் செல்வதில்லை. ஆனால் நமக்கு மிக அண்மையில் உள்ளவை அவ்விடங்களே. தொம்மலூரில் சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. பெயரைக் கேட்டுச் சிவன் கோயில் என்று எண்ணிச் செல்வோர், உள்ளே திருமாலைக் கண்டு வியப்பர். அங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவை இறைவனைச் சொக்கப்பெருமாள் என்று குறிக்கின்றன. ஓசூர்ச் சாலையில் மடிவாளாவில் சோமேசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் 1247ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று, ‘வெங்களூர்’ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. அதற்கும் முந்தியது பேகூர்க் கன்னட நடுகல். ஏறத்தாழ 890ஆம் ஆண்டளவில் ‘பெங்களூர்’ப் போரில் மாண்ட வீரனைப் பற்றிக் கூறுவது. கெம்பெகவுடர் 1537இல் கோட்டை கட்டுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, இப்பெயரைக் கன்னடக் கல்லும் அறிந்திருந்தது. தமிழ்க் கல்லும் அறிந்திருந்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறுதல் கடமை. ஒரு கல்லைக் கண்டவுடன் ‘இது எங்கள் ஊர்’ என்று முழங்குவோர் இரு தரப்பிலும் உளர். நாம் அதற்காக அங்கே செல்லவில்லை. ‘நாம் இங்கே அயலார்’ என்று கூனிக் குறுகவும் வேண்டியதில்லை. ‘எல்லாம் நம்முடையதே’ என்று மார்தட்டவும் வேண்டியதில்லை. இரண்டு மொழியாரும் நெடுங்காலம் ஓர் ஏரியின் நீரைப் பங்கிட்டு வாழ்ந்தனர் என்பதே அந்தக் கற்கள் கூறும் செய்தி.

ஐந்தாவது, விழாக்கள். கன்னடச் சைத்திர மாதப் பௌர்ணமி இரவில் நகரத்துப் பேட்டையில் கரகம் புறப்படுகிறது. தருமராயசுவாமி கோயிலிலிருந்து, பெண்கோலம் பூண்ட ஒருவர் பூங்கரகத்தைத் தலையில் சுமந்து, வாளேந்திய வீரகுமாரர் சூழ இரவெல்லாம் வருகிறார். அவ்வாறு வருகையில் தவக்கல் மசுதான் தர்காவுக்கும் சென்று மரியாதை செய்கிறார். இவ்விழாவை நடத்துவோர் தோட்டத் தொழிலில் பேர்பெற்ற திகளர் குலத்தார். அவர்களுடைய முன்னோர் தமிழ் வழங்கிய பகுதிகளிலிருந்து வந்தவர் என்பர். கரகத்தில் எழுந்தருளும் தெய்வம் திரௌபதி. நம் ஊரில் பாரதக் கூத்தும் தீமிதியும் கண்டு வளர்ந்தவருக்கு அவள் அயலவளா? ஆயினும் அந்த இரவில் நம் காலனியிலிருந்து அங்கே சென்றவரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை பசவனகுடி நந்தி கோயிலருகே கடலைக்காய்த் திருவிழா நடைபெறும். கன்னட மாதக் கணக்கில் வருவதாகையால், அண்டைவீட்டாரைக் கேட்டு நாளைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். கேட்பதே ஒரு நட்புக்குத் தொடக்கமாகும். உழவர் கொண்டுவந்து குவிக்கும் நிலக்கடலைக் குவியல்களின் நடுவே, வறுத்ததையும் வேகவைத்ததையும் கொறித்துக்கொண்டு நடக்கும் இன்பத்துக்கு ஈடில்லை. செப்டம்பர் 8ஆம் நாள் சிவாசிநகர்ப் புனித மரியாள் பேராலயத் திருவிழா. அபே துபுவா என்னும் பிரெஞ்சுத் துறவி 1818இல் எழுப்பிய சிற்றாலயத்திலிருந்து வளர்ந்தது அது. அன்னைக்குச் சேலை உடுத்தி, தேரில் ஏற்றித் தெருவில் கொண்டுவரும் காட்சியைக் காண எம்மதத்தாரும் கூடுவர். வியாழக்கிழமைதோறும் விவேக்நகர்க் குழந்தை ஏசு ஆலயத்தில் கூடும் கூட்டத்தை நாம் சொல்ல வேண்டுவதில்லை. அது நம் வாயிற்படியிலேயே நிகழ்வது.

இளைஞருக்கு ஒரு சொல். கைப்பேசித் திரையில் ஐரோப்பியக் கால்பந்து பார்க்கும் நீங்கள், அசோக் நகர்க் கால்பந்து அரங்கத்துக்கு எத்தனை முறை சென்றிருக்கிறீர்கள்? ஆஸ்டின் டவுன் ஆட்டத்திடலில் மாலைதோறும் ஆடுவோரை நின்று பார்த்திருக்கிறீர்களா? 1948இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில், விடுதலை பெற்ற இந்தியா பிரான்சு நாட்டோடு கால்பந்து ஆடியது. நம்மவருள் பலர் வெறுங்காலோடு ஆடினர். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். ஆனால் அந்த ஒரு கோலை அடித்தவர் இந்தப் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில், கடல் கடந்த பிரேசில் நாட்டு வீரர் பெலேவுக்கு மக்கள் சிலை வைத்திருக்கின்றனர். கூலி வேலை செய்தும் பந்தை மறவாத மக்களின் தெரு அது. தங்கைமாரையும் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆட்டம் ஆடவருக்கு மட்டும் உரியதன்று.

திரைப்படத்தை விட்டுவிட்டால் கூட்டம் ஒப்பாது. தமிழ்ப் படத்துக்கு மூன்று முறை செல்வோர் ஒருமுறை கன்னடப் படத்துக்கும் செல்லட்டும். கன்னட மக்கள் உயிரெனப் போற்றிய நடிகர் ராஜ்குமார் பிறந்த காஜனூர், தாளவாடிப் பக்கத்தில், இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்குள் இருக்கிறது. தமிழகம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ரஜினிகாந்த் பிறந்ததும், பேருந்து நடத்துநராகச் சீட்டுக் கிழித்ததும் இந்தப் பெங்களூரில்தான். எல்லைக்கோட்டைக் கலை எந்நாளும் மதித்ததில்லை.

அன்பர்களே! கேட்டுக் கைதட்டிக் கலைந்துவிட்டால் இவ்வுரையால் பயனில்லை. ஆகவே செயற்குழுவின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

மாதம் ஒரு ஞாயிறு, காலை ஆறு மணிக்குச் சங்கத்தின் வாயிலிலிருந்து ஓர் உலா புறப்படட்டும். முதல் உலா முதியோருக்கும், இதுவரை லால்பாக்கைக் காணாத தாய்மார்களுக்கும் உரியதாகட்டும். நடக்க இயலாதவரை ஆட்டோவில் அழைத்துச் செல்லும் செலவைச் சங்கம் ஏற்கட்டும். ஒவ்வோர் உலாவுக்கும் ஒரு கன்னடக் குடும்பத்தையேனும் உடன் அழைப்போம். புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் கட்டுவதை ஆடவரும் பங்கிட்டுக்கொள்வோம். கட்டுச்சோற்றை எங்கே பிரிக்கலாம், எங்கே பிரிக்கலாகாது என்று வாயிற்காவலரைக் கேட்டு, அவ்விடத்து விதிக்கு உடன்படுவோம். எடுத்துச் சென்ற தாளையும் புட்டியையும் திரும்பக் கொண்டுவருவோம்; விருந்தினர் குப்பை போடலாம் என்பது வழக்கமானால், வீட்டுக்காரர் பொறுமை எத்தனை நாள் நிற்கும்? மேலும் நாம் விருந்தினராக இருக்க விரும்பவில்லை, வீட்டாராக விரும்புகிறோம். பிள்ளைகள் ஒவ்வொருவரும் கண்டதைத் தமிழில் பத்து வரி எழுதட்டும். நல்லனவற்றை அடுத்த ஆண்டு மலரில் அச்சிடுவோம். பெரியோரின் கட்டுரை சிறிது குறைந்தாலும் குற்றமில்லை. எமது கட்டுரையிலிருந்தே குறைக்கத் தொடங்கலாம்.

சிரித்த பெரியவருக்கு இனி விடை கூறுவோம். ஐயா, பிழைக்க வந்த இடத்தில் பொழுதுபோக்கு ஒரு கேடா என்று கேட்டீர்கள். உங்கள் தலைமுறை பிழைக்க வந்தது, உண்மை. அந்த உழைப்பால்தான் இன்று இந்த மன்றத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறோம். ஆனால் உங்கள் பேரப்பிள்ளைகள் பிழைக்க வந்தவர்கள் அல்லர். அவர்கள் இங்கே பிறந்தவர்கள். அவர்களைப் பொங்கலுக்கு நீங்கள் அழைத்துச் செல்லும் ஊரில், அங்குள்ள பிள்ளைகள் ‘பெங்களூர்க்காரன்’ என்று அழைக்கின்றனர். இங்கேயும் அயலான், அங்கேயும் அயலான் என்று ஒரு பிள்ளை வளர்தல் ஆகாது. அவனுக்கு ஓர் ஊர் வேண்டும். அந்த ஊர் இந்த ஊரே. அதை அவன் கையைப் பிடித்துக் காட்ட வேண்டியவர் நீங்கள்; அதற்கு முன் நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுதல் நலம்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சங்கத்தின் வாயிலில் நிற்போம். அந்தப் பெரியவருக்கு முன்வரிசையில் இடம் வைத்திருக்கிறோம். பாறைமீது ஏற நமது கையும் தருவோம்.

வாழ்க தமிழ்! வாழ்க கன்னடம்! இருமொழியாரும் இனிது வாழும் இந்நகர் வாழ்க!